யாருக்கு ஓடுது இது?

"கணினி அமைப்பில் செய்யப்படும் எந்த மாற்றமும், அதனால் பாதிக்கப்படக்கூடிய பிரிவுகளின் தலைவர்கள் எழுத்து மூலம் ஒப்புதல் அளித்த பின்னரே நிறுவப்பட வேண்டும்."

எங்கள் தொழிற்சாலையின் நடைமுறைக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. பணியாளர் நிர்வாக அதிகாரி என்ற முறையில் அதை மெய்ப்புப் பார்த்தவன் நான். இன்று படித்தாலும் குறை சொல்ல முடியாத விதி. ஆனால் அது ஒன்றை நம்பியிருந்தது. யாரோ ஒருவர் குறுந்தகட்டோடு வருவார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார், மென்பொருளை நிறுவுவார், நாம் அவரைக் கையெழுத்து கேட்டு நிறுத்தலாம் என்று நம்பியிருந்தது. யாரும் வராமலே, காலையில் திரையைத் திறக்கும்போது மாற்றம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. விதிகளை எழுதுகிறவர்கள் பொதுவாக நேற்று நடந்ததைத்தான் தடுக்கிறார்கள்.

விதி இருக்கட்டும். நான் சொல்ல வந்தது எங்கள் கணினிப் பிரிவுப் பொறுப்பாளரைப் பற்றி.

ஒல்லியான மனிதர். ஓசூரின் குளிருக்குப் பயந்து சித்திரை மாதத்திலும் அரைக்கை ஸ்வெட்டர் போட்டிருப்பார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வந்ததும் தன் அறைக்குப் போகமாட்டார். முதலில் தொழிற்சாலையை ஒரு சுற்று. ஆளில்லாத இடத்தில் எரியும் விளக்கு, காலி நாற்காலிக்கு மேலே சுற்றும் மின்விசிறி, மூடாத குழாய், சும்மா உறுமும் கம்ப்ரஸர், எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவார். பிறகு ஒரே கேள்வி.

"யாருக்கு ஓடுது இது?"

எங்களிடம் தமிழில் கேட்பார். ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் கன்னடத்தில், காவலாளியிடம் தெலுங்கில். மூன்று மொழியிலும் அது கேள்வி போலவே இருக்காது. பதிலுக்குக் காத்திருக்காமல் கை ஸ்விட்சுக்குப் போய்விடும். ஒருமுறை கர்நாடக எல்லையில், ஜூஜுவாடி சோதனைச்சாவடியில் லாரிகள் அடைத்துக்கொண்டு பஸ் நகராமல் நின்றபோது, முன்னால் போய் டிரைவரிடம், "அண்ணா, யாருக்கு ஓடுது இஞ்சினு?" என்று கேட்டாராம். "உனுக்குத்தான் ஓடுது. வேணான்னா எறங்கிக்க" என்றாராம் டிரைவர். இதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, "ஆனா ஆஃப் பண்ணிட்டாரு சார்" என்றார்.

கஞ்சத்தனம் என்று சிலர் சொன்னார்கள். அப்படியில்லை. கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். பொருள் வீணாவதைவிட, ஒன்று யாருக்கும் இல்லாமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதுதான் அவருக்குத் தாங்காது. அதில் ஏதோ அநியாயம் நடப்பதுபோல முகம் சுருங்கும்.

இந்தக் குணத்துக்கு முதலில் அடிபட்டவர் ஸ்டோர்ஸ் முனிராஜ். உணவு இடைவேளையில் ஸ்டோர்ஸில் விளக்கு எரிவதைப் பார்த்து இவர் அணைத்துவிட்டார். உள்ளே முனிராஜ் ஏணிமேல், மேல்தட்டில் பேரிங் பெட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தார். இருட்டில் கால் தவறி இறங்கியதில் கணுக்கால் வீங்கிவிட்டது. விபத்துப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்.

"ஏன் சார், ஒரு சத்தம் குடுத்துட்டு அமத்தக் கூடாதா? உள்ள மனுசன் இருக்கான்னு பாக்க மாட்டீங்களா?" என்று முனிராஜ் கேட்டார். மறுநாள் முதல் இவர் பழக்கம் மாறியது. எதை அணைப்பதற்கு முன்னும் கதவில் இரண்டு தட்டு. "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டு, நின்று, பிறகுதான் கை போகும். காலி அறையிலும் கேட்பார். கழிப்பறை வாசலில் அவர் இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பதை இளம் பையன்கள் நடித்துக் காட்டுவார்கள்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, மின்வெட்டு எங்களைப் பிடித்து ஆட்டிய காலம். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்வதற்குள் எங்கள் கணினிகள் விழுந்து எழும். எழாமலும் போகும். கடைசியில் நிர்வாகம், முக்கியமான வேலைகளுக்கெல்லாம் வெளியே கணினி வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்தது. எங்கேயோ கடல் தாண்டி ஒரு கட்டடத்தில் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேண்டியதை வேண்டிய நேரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், ஓடும் நேரத்துக்கு வாடகை. கிளவுட் என்று பெயர். முனிராஜுக்கு அது புரிந்த அளவுக்கு எங்களில் பலருக்குப் புரியவில்லை. "லாரி வாடகை மாதிரி. வண்டி நின்னாலும் வெயிட்டிங் போடுவான்" என்றார்.

அந்த வெயிட்டிங்கில்தான் இவர் மாட்டிக்கொண்டார். இவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கை எட்டாத தூரத்தில், யாருக்கென்றே தெரியாமல் கணினிகள் ஓடுகின்றன. சில நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று நினைக்கிறேன். பிறகு பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனத்தின் மென்பொருளைக் கண்டுபிடித்தார். வாடகைக் கணினிகளில் எது வேலை செய்கிறது, எது சும்மா நிற்கிறது, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு செலவு என்று அது படம் போட்டுக் காட்டும். அதுவும் தொலைவில் இருந்து ஓடுவதுதான். நம் பக்கம் நிறுவ ஒன்றுமில்லை.

மாதத்துக்கு ஒருமுறை அந்த நிறுவனத்திடமிருந்து 'புதிய வசதிகள்' என்று ஒரு மின்னஞ்சல் வரும். மற்றவர்கள் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்குக் காத்திருப்பதுபோல இவர் அதற்குக் காத்திருந்தார். டீ நேரத்தில் எங்களுக்குப் படித்துக் காட்டுவார்.

"இந்த மாசம் இன்னா வந்துருக்குது தெரியுமா சார்? செலவு எல்லை தாண்டுச்சுன்னா அதுவே மெயில் போட்டு எழுப்பும்."

அடுத்த மாதம், "பெரிய மிஷின் எதுக்கு, சின்னது போதும்னு அதுவே சொல்லுது சார்."

அதற்கும் அடுத்து, "ஷிஃப்ட் முடிஞ்சா அதுவே நிறுத்திக்கும். காலைல அதுவே ஓடும். நான் சுத்த வேண்டியதே இல்ல."

"அப்ப உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டது அமலா. தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தின் பொறுப்பாளர். மத்திகிரியில் வீடு. ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு நேராக இரண்டாவது ஷிஃப்டுக்கு வந்து நிற்பவர். நாங்கள் செய்துகொண்டிருந்த பிரேக் பாகங்களின் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அவர் பொறுப்பு. தினமும் கடினத்தன்மை, அளவு, விரிசல் என்று சோதித்து, வாடகைக் கணினி ஒன்றில் ஏற்றுவார்.

"எனக்கா? அது நிறுத்தறத பாத்துக்கினு உக்காந்திருப்பேன்மா" என்றார்.

அந்தப் பரிசோதனை முடிவுகள் முன்பு தாளிலும் அச்சாகிக்கொண்டிருந்தன. ஆய்வக மூலையில் அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடுவதைப் பார்த்து, "யாரு படிக்கிறாங்க இத? யாருக்கு ஓடுது?" என்று கேட்டு அதை நிறுத்த வைத்தவரும் இவர்தான். நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. நகல் இருந்தது. அதே கணினியில், வேறு ஃபோல்டரில். விதி மீறப்படவில்லை.

அந்தப் புரட்டாசியில் வந்த மின்னஞ்சலை அவர் கொஞ்சம் நிதானமாகவே படித்தார். தொடர்ந்து இரண்டாவது நாளும் வேலையில்லாமல் இருக்கும் கணினிக்கு எச்சரிக்கை வரும். மூன்றாவது நாளும் யாரும் தொடாவிட்டால் அது விடுவிக்கப்படும். வைத்துக்கொள்ள விரும்பும் கணினிகளுக்கு முன்கூட்டியே அடையாளம் இட்டுக்கொள்ளலாம். யாரும் கேட்காமலே அந்த வசதி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஓடத் தொடங்கியிருந்தது.

"நிறுத்தறதும் விடுவிக்கறதும் ஒண்ணுதானே?" என்று கேட்டேன்.

"இல்ல சார். நிறுத்தறதுன்னா வீட்ட பூட்டறது. விடுவிக்கறதுன்னா காலி பண்ணி சாவி குடுத்துடறது. உள்ள இருக்கற சாமானும் போயிரும்."

அவர் கவனக்குறைவானவர் அல்ல. கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச் என்று ஒவ்வொரு இடமாகப் போய்க் கேட்டு அடையாளம் இட்டார். ஆய்வகத்துக்கும் போனார். நான் ஒரு விடுப்பு விண்ணப்பத்தோடு அங்கே இருந்தேன்.

"அமலா மேடம், உங்க மிஷின் எப்பவாவது மூணு நாள் சும்மா இருக்குமா?"

"நல்லா கேட்டீங்க. ஞாயித்துக்கெழமகூட ஒரு ஷிஃப்ட் ஓடுதே சார். ஒரு நாள் சும்மா இருந்தா எனக்கே மெமோ குடுப்பாங்க."

"அப்ப உங்களுக்கு அடையாளமே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்டதும் சரி, அமலா சொன்னதும் சரி.

பத்து நாள் கழித்து ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். முதல் நாளே உற்பத்தியை நிறுத்திவிடுவார்கள். கழுவுவது, எண்ணெய் துடைப்பது, வாழைக்கன்று கட்டுவது. பூஜையன்று லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனம், குங்குமம். கணினித் திரைகளுக்கும் உண்டு. குடும்பத்தோடு எல்லோரும் வருவார்கள். பொரி, கடலை, சுண்டல். பூஜையில் வைத்ததை யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி, விடுமுறை. அதற்கும் மறுநாள்தான் வேலை. மொத்தம் மூன்று நாள். வருடத்தில் அந்த மூன்று நாள் மட்டும்தான் எங்கள் தொழிற்சாலை முழுதாக மூச்சை அடக்கிக்கொள்ளும். ஆனால் யாரும் அதை 'சும்மா இருப்பது' என்று நினைப்பதில்லை. அதனால்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பூஜையன்று மதியம் ஆய்வகக் கதவைப் பூட்டிச் சாவியோடு இவர் நிற்கும்போது அமலா வந்தார். நல்ல பட்டுப்புடவை. வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களுக்கான அறிக்கையில் ஒரு பக்கம் பாக்கி.

"சார், பத்து நிமிஷம் தெறங்களேன். நான் முடிச்சுட்டு அப்படியே வெச்சுடறேன்."

"சாமிக்கு வெச்சாச்சும்மா."

"எனக்குத் தெரியாதா சார்? பொட்டுமேல கை படாம பண்றேன்."

"எல்லாம் தெரிஞ்ச நீங்களே கேட்டா நான் இன்னா பண்றது?" என்று சிரித்தார். "வருசம் பூரா ஓடுது. ரெண்டு நாள் அதுவும் தூங்கட்டும். நாளனைக்கி வந்து மொத ஆளா பண்ணுங்க."

அமலா கையை எடுத்துக்கொண்டார். வேறு மதத்துக்காரர் என்பதால் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே மரியாதை காட்டுவார். "சரி, பொரியாவது குடுங்க" என்றார்.

அந்த நேரத்தில், பூட்டிய அறைக்குப் பக்கத்து அறையில், சந்தனப் பொட்டு வைத்து அணைத்திருந்த இவருடைய கணினிக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்து காத்திருந்தது. மென்பொருள் கதவைத் தட்டியது. யாராவது இருக்கிறீர்களா என்று முறையாகவே கேட்டது. வருடத்தில் பதில் சொல்லக் கூடாத ஒரே நாளில் கேட்டது.

வேலை தொடங்கிய காலை அமலா ஆய்வகத்திலிருந்து வந்து, "சார், என்னுது தெறக்கல" என்றார். இவர் திரையைப் பார்த்தார். பட்டியலில் அந்தக் கணினி இருந்த இடம் காலியாக இருந்தது. மென்பொருள் பக்கத்தின் மூலையில் பச்சை எழுத்தில், இந்த மாதம் நீங்கள் சேமித்தது என்று ஒரு தொகையைக் காட்டிப் பாராட்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

ஆய்வுக்கு வந்தவர்கள் பதிவுகளைக் கேட்டார்கள். பதிவு இல்லையென்றால் பரிசோதனை நடக்கவில்லை என்பது அவர்கள் விதி. நல்ல விதிதான், பிரேக் விஷயமல்லவா. பாகங்களைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஆலை மேலாளர் ஒரு படி மேலே போனார். சோதிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, கணினி போனதைச் சாக்காகச் சொல்கிறார் என்று அமலா மீது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலைநீக்கம். விசாரணை அதிகாரி நான்.

இவர் முதல் நாளே வந்து, "மிஷினுக்கு அடையாளம் போடாதது நான். பூட்டுனது நான். பிரிண்டர நிறுத்துனதும் நான். எழுதிக்குங்க சார்" என்றார். எழுதிக்கொண்டேன். ஆனால் அது அமலாவுக்கு உதவவில்லை. கணினி யாரால் போனது என்பது கேள்வியே அல்ல. அதற்குள் ஏதாவது இருந்ததா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லக்கூடியது அந்தப் பெங்களூர் நிறுவனம் மட்டும்தான். எந்தக் கணினி எத்தனை நாள் வேலை செய்தது, என்றைக்கு என்ன ஏறியது என்ற குறிப்பு அவர்களிடம் இருக்கும்.

அவர்களுக்கு எழுதினார். புகார் எண் வந்தது. பதில் வரவில்லை. நேரில் போனார். அலுவலகம் இருந்த மாடியில் ஜவுளிக் கம்பெனி இருந்தது. மென்பொருள் நிறுவனத்தை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். சில வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது: நீண்ட நாள் அசைவில்லாததால் தங்கள் புகார் தானாக மூடப்பட்டது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மறுபடி திறந்தார். அது மூடும், இவர் திறப்பார். 'நாங்கள் இருக்கிறோம்' என்று ஒரே வரி எழுதித் திறப்பார். அந்த வருடம் முழுக்க அவருடைய கணினி மட்டும் அணையவே இல்லை. வீட்டுக்குப் போகும்போதும் ஓடும். மின்விசிறியை அணைப்பார், விளக்கை அணைப்பார், அதை மட்டும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார். காலைச் சுற்று நின்றுபோனது. எங்காவது விளக்கு எரிந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தார். முனிராஜ் தானே எழுந்து போய் அணைக்க ஆரம்பித்தார்.

அமலா ஸ்டோர்ஸுக்கு மாற்றப்பட்டிருந்தார். ஆய்வகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்க்காமல் போவார். இவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கோபமென்று சொல்ல முடியாது. ஒருநாள் என்னிடம், "அன்னைக்கு நான் கொஞ்சம் சத்தமா கேட்டிருக்கணும் சார்" என்றார். அவ்வளவுதான்.

விசாரணையை முடிக்கச் சொல்லி எனக்கு நெருக்கடி வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் தரப்பிடமிருந்து ஆதாரம் எதிர்பார்க்கப்படும்போது விசாரணையை முடிக்கலாகாது என்று ஒரு உட்பிரிவு உண்டு. யாரும் படிக்காத பக்கத்தில் இருக்கிறது. நான் அதைக் கோப்பின் ஒவ்வொரு குறிப்பிலும் மேற்கோள் காட்டி உட்கார்ந்திருந்தேன். ஆடி மாதம் ஒரு கூட்டத்தில் ஆலை மேலாளர் பொறுமை இழந்தார்.

"வருசம் ஆகப்போகுது. அந்தக் கம்பெனியே இல்லங்கறாங்க. இன்னும் ஒரு கோப்பு ஓடிட்டிருக்கு. யாருக்குய்யா ஓடுது இது?"

அந்த வாக்கியம் யாருடையது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. மூலையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார்.

"அமலா மேடத்துக்கு ஓடுது சார்" என்றார். "நிறுத்தாதீங்க."

மேலாளர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "ஆயுத பூஜை வரைக்கும்" என்றார். "அது முடிஞ்சு மொத வேலை நாள் நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."

பூஜை வந்தது. வாழைக்கன்று, மாவிலை, சந்தனக் கிண்ணத்தோடு பையன்கள் அறை அறையாகப் போனார்கள். இவர் அறைக்குப் போனவர்கள் வாசலில் நின்றார்கள்.

"சார், உங்க மிஷின அமத்துங்க, பொட்டு வெக்கணும்."

"அது வேலைல இருக்குதுப்பா."

"பூஜைக்குக்கூடவா சார்? சாமி குத்தம் ஆயிரும்."

"ஆச்சுன்னா எனக்கு ஆவட்டும். நீங்க போங்க."

கற்பூரம் காட்டியபோது ஆலை முழுக்க இயந்திரங்கள் நின்றிருந்தன. அந்த அமைதியில் அந்த ஒரு கணினியின் விசிறிச் சத்தம் வராந்தா முனைவரை கேட்டது. அமலா ஒரு ஓரமாக, கையில் பொரிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றிருந்தார். மறுநாள் விடுமுறை. அதற்கும் அடுத்த நாள் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு மணிச் சத்தம் கேட்டது. இவர் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

மென்பொருள் நிறுவனத்தை வாங்கியவர்கள் அனுப்பிய பதில் நீளமாக இல்லை. தாமதத்துக்கு வருத்தம். கேட்ட குறிப்புகள் இணைக்கப்பட்டுள்ளன. அந்தக் கணினியில் எந்தெந்த நாள் எந்தெந்தப் பரிசோதனைக் கோப்பு ஏறியது என்று பக்கம் பக்கமாக இருந்தது, போன பூஜைக்கு முந்தைய வேலை நாள்வரை, ஒரு ஞாயிறுகூட விடாமல். கடைசியில் புதிய வசதி ஒன்றையும் அறிவித்திருந்தார்கள்: வாடிக்கையாளர்கள் தங்கள் ஊர் விடுமுறை நாட்களை இனி முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "உக்காருங்க மேடம். நீங்களே பாருங்க."

அமலா உட்கார்ந்து மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமைகள் வரும் இடங்களில் மட்டும் விரல் நின்று நகர்ந்தது. முடிந்ததும் இவர் ஸ்விட்ச் அருகே போய் நின்றார். கையை வைக்கவில்லை.

"நிறுத்தட்டுங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திருந்தார்.

"இருங்க சார்" என்றார் அமலா. "மொதல்ல பிரிண்ட் எடுத்துக்கறேன்."

விடுமுறை நாளில் வந்து சேரும் எந்தத் தகவலும் அடுத்த வேலை நாளில் பெறப்பட்டதாகவே பதியப்பட வேண்டும் என்பது விதி. பூஜை நாளும் ஏட்டில் விடுமுறைதான்; அடுத்த வேலை நாளென்று பதிந்தால் மேலாளர் கொடுத்த கெடு தாண்டிவிடும். கோப்பின் கடைசித் தாளில், பதில் கிடைத்த நாள் என்ற இடத்தில், என் கைப்பட எழுதினேன்: ஆயுத பூஜை.